வெளிநாட்டுக் கட்டுமானத் தளத்தில் ஒரு நாள்: மாணவர்களுக்கான செய்முறைக் கையேடு

படிப்புப் பயணமாக வெளிநாடு போகும் கட்டுமான மாணவர்கள் கைப்பேசி நிறையப் படங்களோடு திரும்புகிறார்கள். உயரமான கட்டடம், டவர் கிரேன், கண்ணாடி முகப்பு என்று நூற்றுக்கணக்கில் இருக்கும். மூன்று மாதம் கழித்து அதே படங்களை விரித்து வைத்துக்கொண்டு, அந்தத் தூணில் கம்பிக்கு எவ்வளவு கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன்) விட்டிருந்தார்கள், தளம் போட்டு எத்தனை நாளில் முட்டு (தளத்தைத் தாங்கும் தற்காலிகக் கால்) எடுத்தார்கள், ஜன்னல் சட்டமும் சுவரும் சேரும் இடத்தில் மழைத் தண்ணீரை எது தடுத்தது என்று கேட்டால் பதில் வராது. முடிந்த கட்டடத்தை எங்கிருந்தும் பார்த்துக்கொள்ளலாம். நேரில் போனவருக்கு மட்டும் கிடைப்பது பாதியில் நிற்கும் வேலை. கான்கிரீட் மூடுவதற்கு முன் தெரியும் கம்பி, சீலிங் மறைப்பதற்கு முன் தெரியும் குழாய், பூச்சு ஏறாத இணைப்பு. நாள் முழுவதையும் அதைப் பார்ப்பதற்காகவே அமைத்துக்கொள்ள வேண்டும்.

முந்தைய நாள் மாலை

முதலில் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்று. "இங்கே கட்டடம் எப்படிக் கட்டுகிறார்கள்?" என்பது கேள்வியே ஆகாது, எதைப் பார்த்தாலும் அதற்குப் பதில் போலத்தான் தோன்றும். "ஒரு மாடித் தளத்துக்குக் கம்பி கட்டத் தொடங்கியதிலிருந்து முட்டு எடுக்கும்வரை எத்தனை நாள், அதில் எந்த வேலைக்காக மற்ற வேலைகள் காத்திருக்கின்றன?" என்பது நல்ல கேள்வி. "இரண்டு முன்வார்ப்பு (வேறிடத்தில் வார்த்துக் கொண்டுவரும்) சுவர்ப் பலகைகள் சேரும் இடத்தில் தண்ணீரையும் காற்றையும் எத்தனை அடுக்கு தடுக்கிறது?" என்பதும் நல்ல கேள்வி. பதில் எண்ணாகவோ வரைபடமாகவோ வர வேண்டும், அதுதான் அளவுகோல். நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவையுங்கள்.

பைக்குள் போக வேண்டியவை கொஞ்சம்தான். கெட்டி அட்டை போட்ட கட்டம் போட்ட சிறு நோட்டு, இரண்டு பென்சில் (ஈரத் தாளிலும் கடும் குளிரிலும் பேனா எழுதாது), 5 மீட்டர் டேப், சிறு டார்ச், விரிசல் அகலம் பார்க்கும் ஒளிபுகும் அட்டை, பவர் பேங்க், மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. அமெரிக்கா போவதென்றால் ஒரு பக்கம் அங்குலமும் மறுபக்கம் மி.மீட்டரும் உள்ள டேப்பாக வாங்குங்கள்.

காலணியில் சமரசம் வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 20345 தரத்தில் எஸ்3 வகை என்றால், விரல் பகுதி மூடி 200 ஜூல் அடியைத் தாங்கும், அடிப்பாகம் ஆணி ஏறாமல் தடுக்கும், மேல்தோல் சீக்கிரம் தண்ணீரை உறிஞ்சாது. வெறும் எஸ்1 வகையில் ஆணித் தடுப்பு கிடையாது. ஷட்டரிங் (கான்கிரீட் வார்க்கும் அச்சு) பிரித்த பலகைகள் ஆணியோடு கிடக்கும் இடத்துக்கு அது போதாது. புதுக் காலணியைப் பயணத்தன்று முதன்முதலாகப் போட்டால் மதியத்துக்குள் குதிகால் கொப்பளித்துவிடும். ஒரு வாரம் முன்பே போட்டு நடந்து பழக்குங்கள். ஹெல்மெட்டைப் பெரும்பாலும் தளத்திலேயே தருவார்கள். உள்பக்கம் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியையும், ஓட்டில் கீறல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுப் பட்டையைத் தலைக்கு ஏற்ப இறுக்குங்கள். குனிந்தால் கழன்று விழும் ஹெல்மெட் இருந்தும் இல்லாததுதான்.

அந்த நாட்டு வரைபடத்தைப் படிக்கப் பழகுவது

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தளத்தில் ஒருவர் வரைபடத்தை விரித்துக் காட்டும்போது தலையாட்டிவிட்டுப் பிறகு திணறுவதற்குக் காரணம் மொழி மட்டும் இல்லை, எழுதும் முறையே வேறாக இருக்கும்.

ஐரோப்பாவின் பல நாடுகளில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். 3,50 என்றால் மூன்றரை மீட்டர். ஜெர்மன் கட்டட வரைபடங்களில் ஒரு மீட்டருக்குக் குறைந்த அளவுகளைச் செ.மீட்டரிலும் அதற்கு மேற்பட்டதை மீட்டரிலும் எழுதும் வழக்கம் உண்டு. 36 என்ற எண்ணின் தலைமேல் சின்னதாக ஒரு 5 இருந்தால் அது 36.5 செ.மீ. சுவர். கணக்கில் வரும் அடுக்குக்குறி என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க வரைபடத்தில் கால் அங்குலம் ஓர் அடிக்குச் சமம் என்று இருந்தால் அளவுவிகிதம் 1:48. பக்கத் தோற்றங்களை அடுக்கும் முறையும் மாறும். ஐரோப்பாவில் முதல் கோண முறை (இடப்பக்கத் தோற்றம் முன்தோற்றத்துக்கு வலப்பக்கம் வரும்), அமெரிக்காவில் மூன்றாம் கோண முறை (இடப்பக்கத்திலேயே வரும்). எந்த முறை என்று காட்டும் வெட்டுக் கூம்புச் சின்னத்தைப் பார்த்து உறுதி செய்யாவிட்டால் இடப்பக்கத் தோற்றத்தை வலப்பக்கமாகப் படித்துவிடுவோம். மாடி எண்ணிக்கையும் அப்படித்தான். பிரிட்டனில் தரைத்தளத்துக்கு மேலே இருப்பது முதல் மாடி. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தரைத்தளமே 1.

கான்கிரீட்டின் வலிமை எண்ணில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஐரோப்பியக் குறியீட்டில் சி30/37 என்றால், 150 மி.மீ. விட்டமும் 300 மி.மீ. உயரமும் உள்ள சிலிண்டரில் 30 மெகாபாஸ்கல், 150 மி.மீ. கனசதுரத்தில் 37. ஒரே கான்கிரீட், இரண்டு எண். அமெரிக்காவில் சிலிண்டர் எண் மட்டும், அதுவும் பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு) அலகில். 4,000 பி.எஸ்.ஐ. என்றால் சிலிண்டரில் 27.6 மெகாபாஸ்கல். சிலிண்டர் வலிமை கனசதுரத்தில் ஏறக்குறைய 0.8 பங்கு என்பதால், கனசதுரக் கணக்கில் அது 34 அளவுக்கு வரும். இந்த மாற்றத்தைச் செய்யாமல் "இவர்கள் குறைந்த தரத்தில் போடுகிறார்கள்" என்று எழுதிய அறிக்கை முழுவதும் வீண். கம்பியிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் 5ஆம் எண் கம்பி 5/8 அங்குலம், அதாவது 15.9 மி.மீ. கிரேடு 60 என்பது, கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் வலிமை ஏறக்குறைய 420 மெகாபாஸ்கல். ஐரோப்பாவின் பி500பி என்பது 500.

வேலையாட்கள் சொல்லும் பத்துச் சொற்களையாவது காதுக்குப் பழக்குங்கள். ஜெர்மனியில் ஷாலுங் என்றால் ஷட்டரிங், பெவேருங் என்றால் கம்பி. ஜப்பானில் கதாவாகு, தெக்கின். கையால் காட்டி இந்தச் சொல்லைச் சொன்னாலே பாதிக் கேள்வி புரிந்துவிடும்.

வாசலில்

வருகைப் பதிவேட்டில் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் கையெழுத்திடுங்கள். தீ விபத்து நேர்ந்தால் அந்தப் பட்டியலை வைத்துத்தான் ஆள் கணக்கெடுப்பார்கள். கையெழுத்துப் போடாமல் போய்விட்டவரைத் தேடி ஒருவர் புகைக்குள் நுழைய நேரும்.

பாதுகாப்பு விளக்கத்தில் நான்கு விஷயம் காதில் விழுந்தே ஆக வேண்டும். எச்சரிக்கை ஒலி எது, கூடும் இடம் எங்கே, நடைபாதை எது, சந்தேகம் வந்தால் யாரிடம் போவது. புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள். மரியாதைக்காகத் தலையாட்டுவது ஆபத்து. ஹெல்மெட் நிறத்துக்கு உலகம் முழுவதும் ஒரே பொருள் கிடையாது, அந்தத் தளத்தில் எந்த நிறம் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வண்டி ஓடும் பக்கம் மாறியிருக்கும் நாட்டில் நம் கண் பழைய பக்கத்தையே முதலில் பார்க்கும். கடக்கும் முன் இருபுறமும் பாருங்கள். பின்னோக்கி வரும் லாரி ஓட்டுநரின் கண் உங்கள் கண்ணைச் சந்திக்கும்வரை அதன் பின்னே போகாதீர்கள். தொங்கும் சுமைக்குக் கீழே ஒரு நொடிகூட வேண்டாம். தரையில் தனியாகக் கிடக்கும் ஒட்டுப்பலகையை மிதிக்காதீர்கள், அதன் அடியில் டக்டுக்காக (குழாய்கள் செல்லும் வழிக்காக) விட்ட துளை இருக்கக்கூடும். சாரத்தில் ஏறும் முன் ஏணி அருகே தொங்கும் ஆய்வு அட்டையில் கடைசித் தேதியைப் பாருங்கள்.

படம் எடுக்க அனுமதியை வாசலிலேயே கேளுங்கள். எதை எடுக்கலாம், எதற்குப் பயன்படுத்தலாம், வெளியிடலாமா என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டால் பிறகு சங்கடம் வராது. வேலையாட்களின் முகத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

மேலிருந்து கீழே நடங்கள்

பலமாடிக் கட்டடத் தளத்தைத் தரைத்தளத்திலிருந்து பார்க்கத் தொடங்குவது வழக்கம். முடிந்தால் அதைத் தலைகீழாக்கச் சொல்லிக் கேளுங்கள். மேல்தளத்தில் இன்று கம்பி கட்டுகிறார்கள். அதற்குக் கீழே முழு முட்டு. அதற்கும் கீழே பாதி முட்டு. இன்னும் இரண்டு மாடி இறங்கினால் குழாய் வேலை, பிறகு சுவர், பிறகு ஜன்னல், பூச்சு. ஒரு தளம் போட ஏழு நாள் ஆகிறது என்றால், நான்கு மாடி கீழே நீங்கள் பார்ப்பது ஏறக்குறைய 28 நாள் முந்தைய நிலையிலிருந்து வளர்ந்து வந்த வேலை. மாதக்கணக்கில் காத்திருந்து பார்க்க வேண்டியதை ஒரு மணி நேரத்தில் படியிறங்கிப் பார்த்துவிடலாம். நோட்டில் மாடிகளை மேலிருந்து கீழாகக் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே அங்கே நடக்கும் வேலையையும் ஆட்களின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். வேலையும் ஆளும் இல்லாத மாடி இருந்தால் காரணம் கேளுங்கள். கான்கிரீட் வலிமை ஏறக் காத்திருக்கலாம், பொருள் வராமல் இருக்கலாம். அந்த இடைவெளியில்தான் அந்தத் திட்டத்தின் உண்மையான கணக்கு தெரியும்.

முட்டுகளை எண்ணாமல் தாண்டாதீர்கள். 200 மி.மீ. தளம் ஈரமாக இருக்கும்போது அதன் எடை மட்டுமே சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் (0.2 × 25). ஆட்களும் பம்ப் குழாயும் அதற்கு மேல். கீழே உள்ள குடியிருப்புத் தளமோ, தன் எடை போகச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் அளவு பயன்பாட்டுச் சுமைக்கு வடிவமைத்ததாக இருக்கும். வயதும் ஒரு வாரம்தான். அதனால்தான் சுமையை இரண்டு மூன்று தளங்களுக்குப் பகிர்ந்து விடுகிறார்கள். மேல்மாடி முட்டும் கீழ்மாடி முட்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். விலகி நின்றால் நடுத்தளம் வளைவுக்கு உள்ளாகும்.

கம்பியை அளப்பது

டேப்பை எடுக்கும் முன் கூட இருப்பவரிடம் கேளுங்கள். மேல்வரிசைக் கம்பிமேல் நடக்க வேண்டாம், பலகை போட்ட இடத்தில் மட்டும் கால் வையுங்கள். 150 மி.மீ. பால்கனித் தளத்தில் மேல்கம்பியின் பயனுறு ஆழம் (தளத்தின் அடிமுகத்திலிருந்து கம்பியின் மையம்வரை) 125 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மிதித்து மிதித்து அது 20 மி.மீ. இறங்கினால் 105 ஆகிறது. தாங்கும் திறனில் ஏறக்குறைய 16 சதவீதம் அங்கேயே போய்விடும். கான்கிரீட் மூடிய பிறகு அது யாருக்கும் தெரியாது.

கம்பிகளுக்கு இடையிலான இடைவெளியை ஒவ்வொன்றாக அளக்காதீர்கள். பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்து பத்தால் வகுங்கள். 1,480 மி.மீ. வந்தால் சராசரி 148. கம்பியின் விட்டத்தை அதன் மேல் புடைத்திருக்கும் வரிக்குமேல் வைத்து அளந்தால் கூடுதலாகக் காட்டும். கம்பியில் உருட்டிப் பதித்த குறியைப் படியுங்கள். எடை பார்க்க வாய்ப்பிருந்தால் விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 16 மி.மீ.க்கு 1.58.

கவர் அளக்கும்போது நடக்கும் பொதுவான தவறு, முதன்மைக் கம்பியிலிருந்து அளப்பது. ஷட்டரிங் முகத்திலிருந்து வெளிப்புறக் கம்பிவரை, அதாவது தூணிலும் பீமிலும் முதன்மைக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பிவரை அளக்க வேண்டும். ஒரு கம்பியோடு இன்னொன்றைத் தொடரும் இடத்தில் இரண்டும் சேர்ந்து ஓடும் மேலோட்டு நீளத்தை மி.மீட்டரில் எழுதிவிட்டு விட்டத்தால் வகுத்தும் எழுதுங்கள். 800ஐ 16ஆல் வகுத்தால் 50 மடங்கு. இந்த மடங்கை வைத்துத்தான் ஒரு நாட்டு வழக்கத்தை இன்னொன்றோடு ஒப்பிட முடியும். ரிங்கின் கொக்கி 135 டிகிரி வளைந்து உள்ளே போகிறதா, 90 டிகிரியில் நின்றுவிட்டதா என்று பாருங்கள். நிலநடுக்கப் பகுதியில் தூணின் வெளிக் கான்கிரீட் உதிர்ந்த பின்னும் பிடித்துக்கொண்டிருப்பது உள்ளே மடங்கிய கொக்கிதான். அங்கே தூணும் பீமும் சேரும் இடத்தை ஒட்டி ரிங்குகள் நெருங்கியிருக்கும். எந்த உயரம்வரை நெருக்கம், எங்கே அகலம் என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கான்கிரீட் வரும்போது

லாரி ஓட்டுநரிடம் இருக்கும் டெலிவரி சீட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். கலந்த நேரம், தரம், கேட்ட ஸ்லம்ப் (கான்கிரீட்டின் இளக்கத்தைக் காட்டும் சரிவு அளவு), ஜல்லியின் அதிகபட்ச அளவு எல்லாம் அதில் இருக்கும். வழியில் தண்ணீர் சேர்த்திருந்தால் அதற்கும் ஓர் இடம் இருக்கும். லாரி வந்த நேரத்தையும் கொட்டி முடித்த நேரத்தையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்லம்ப் கூம்பு 300 மி.மீ. உயரம், அடி 200, வாய் 100. மூன்று அடுக்காக நிரப்பி ஒவ்வொன்றையும் 16 மி.மீ. கம்பியால் 25 முறை குத்துவார்கள். ஐரோப்பிய முறையில் 2 முதல் 5 நொடிக்குள் நேராக மேலே தூக்க வேண்டும். சரிந்த கான்கிரீட்டின் உச்சப் புள்ளியிலிருந்து அளப்பது அந்த முறை, மேல்முகத்தின் பழைய மையத்திலிருந்து அளப்பது அமெரிக்க முறை. லாரியின் முதல் கொட்டிலிருந்தே மாதிரி எடுப்பது, கூம்பை நனைக்காமல் விடுவது, சாய்த்துத் தூக்குவது ஆகியவை முடிவைக் கெடுக்கும். ஒரு பக்கம் மட்டும் வெட்டி விழுந்தால் அந்தச் சோதனை செல்லாது, மறுபடி செய்ய வேண்டும்.

ஜெர்மனியில் கூம்புக்குப் பதில் விரிவு மேசையே அதிகம் தென்படும். 700 மி.மீ. பக்கமுள்ள மேசை, அதன் மேல்தட்டை 40 மி.மீ. தூக்கி 15 முறை விடுவார்கள். விரிந்த விட்டத்தை இரு திசையில் அளந்து சராசரி எடுப்பார்கள். விரிவு 500 என்பதை ஸ்லம்ப் 180 என்பதோடு நேரடியாக ஒப்பிட முடியாது, எழுதும்போது எந்தச் சோதனை என்பதைக் கட்டாயம் சேர்த்து எழுதுங்கள்.

குளிர்நாட்டில் போனால் போர்வை, சூடாக்கும் கருவி, கான்கிரீட்டுக்குள் விட்ட வெப்பமானி ஒயர் ஆகியவற்றைத் தேடுங்கள். வலிமை 5 மெகாபாஸ்கல் எட்டும் முன் மேற்பரப்பு 0 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. உள்ளே உள்ள தண்ணீர் உறைந்து விரிந்தால் இளம் கான்கிரீட் உள்ளுக்குள்ளேயே பிளந்துவிடும். அதனால் அங்கே முட்டு எடுக்கும் நாளை நாள்காட்டி மட்டும் முடிவு செய்வதில்லை, வெப்பப் பதிவும் சேர்ந்து முடிவு செய்கிறது. அந்தப் பதிவுத் தாளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இணைப்புகளை வரையுங்கள்

இங்கே படத்தை நம்பாதீர்கள். படம் முன்னால் இருப்பதை மட்டும் காட்டும். இணைப்பின் வேலை முழுவதும் உள்ளே இருக்கிறது. ஐந்து நிமிடம் நின்று குறுக்குவெட்டு வரைந்தால், எந்த அடுக்கு உங்களுக்குத் தெரியவில்லை என்று பென்சிலே காட்டிக்கொடுக்கும். தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டு, அதைக் காட்டி அங்கிருப்பவரிடம் கேளுங்கள். வெறும் வாயால் கேட்டால் இரண்டு வார்த்தையில் பதில் சொல்பவர்கூட, தப்பாக வரைந்த கோட்டைக் கண்டால் பென்சிலை வாங்கித் திருத்துவார்.

பல முன்வார்ப்புச் சுவர் இணைப்புகளில் வெளியே மழைத் தடுப்பு, நடுவே இடைவெளி, உள்ளே காற்றுத் தடுப்பு என்று இரண்டு தடுப்புகள் இருக்கும். இடைவெளிக்குள் புகுந்த தண்ணீர் எந்தத் துளை வழியே வெளியேறுகிறது என்று கண்டுபிடிக்காமல் அந்த வரைபடத்தை முடித்ததாகக் கொள்ளாதீர்கள். ஜப்பானிலோ நியூசிலாந்திலோ அடித்தளத் தனிமைப்படுத்தல் (நிலநடுக்க அசைவு மேலே ஏறாமல் கட்டடத்தைத் தாங்கிகள்மேல் நிறுத்துவது) செய்த கட்டடத்துக்குள் போக முடிந்தால், ரப்பர் தாங்கியை எல்லாரும் படம் எடுப்பார்கள். நீங்கள் கட்டடத்தைச் சுற்றி விட்டிருக்கும் இடைவெளியைப் பாருங்கள். அதைத் தாண்டிப் போகும் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் படிக்கட்டும் எப்படி அசைய விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த இடைவெளியை யாராவது பொருள் வைத்து அடைத்துவிட்டால் தாங்கி இருந்தும் பயனில்லை.

படம் எடுப்பதற்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மாடி எண்ணும் தூண் எண்ணும் தெரியும்படி ஒன்று, பிறகு நடுத்தூரம், கடைசியில் டேப் வைத்துக் கிட்டே ஒன்று. முதல் படம் இல்லாத கிட்டப் படம் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று இரவில் உங்களுக்கே தெரியாது.

மேற்பார்வையாளரிடம் பேச ஐந்து நிமிடம் கிடைத்தால், "கான்கிரீட் போடும் முன் கடைசியாக எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். "எந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டி வந்தது?" என்றும் கேளுங்கள். இந்த இரண்டும் எந்த விளக்கப் பலகையிலும் இருக்காது.

மதியத்துக்குப் பிறகு

சில ஆண்டுகள் ஆன கட்டடம் ஒன்றைப் பார்க்கும் வாய்ப்பு இருந்தால் முகப்பை விட்டுவிட்டு ஓரங்களைப் பாருங்கள். ஜன்னல் படியின் இரு மூலை, பால்கனியின் அடிப்பக்கம், தரையைத் தொடும் சுவர். கறை எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்த்தால் தண்ணீரை வெட்டி விழச் செய்யும் பள்ளம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். விரிசல் இருந்தால் அட்டையை வைத்து அகலம், திசை, எந்த மூலையிலிருந்து என்று எழுதுங்கள். கைப்பிடி உயரத்தையும் அளந்துவிடுங்கள்.

அன்று இரவே

ஒன்றரை மணி நேரம் வேண்டும், மறுநாளுக்குத் தள்ளினால் பாதி மறந்துபோகும். எல்லா எண்ணையும் ஒரே அலகுக்கு மாற்றுங்கள், ஆனால் மூல எண்ணை அழிக்காதீர்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் நீங்கள் அளந்ததா, வரைபடத்தில் கண்டதா, ஒருவர் சொன்னதா என்று ஓர் எழுத்தில் குறியுங்கள். அளந்த 148ஐயும் சொன்ன 150ஐயும் ஒன்றாகக் கலந்தால் அறிக்கையின் பாதி மதிப்பு போய்விடும்.

பிறகு கண்ட ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் எது அவர்களை அப்படிச் செய்ய வைத்தது என்று ஒரு வரி எழுதுங்கள். உறைபனியா, நிலநடுக்கமா, ஆள் கூலியா, சட்டமா, சாலை அகலமா. கான்கிரீட்டில் காற்றுக்குமிழ் சேர்ப்பது உறைந்து உருகும் குளிருக்காக. உறைபனியே இல்லாத இடத்துக்கு அதை எடுத்துப் போனால் வலிமைதான் குறையும். முழுச் சுவராக வார்த்துக் கொண்டுவருவது ஆள்கூலி அதிகமுள்ள இடத்தில் லாபம், கிரேனும் அகலச் சாலையும் இல்லாத இடத்தில் சுமை. காரணம் தெரியாத வித்தியாசத்துக்கு எதிரே கேள்விக்குறி போட்டு, மறுநாள் பக்கத்தின் தலைப்பில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

படங்களுக்குத் தேதி, மாடி, தூண் எண் என்ற வரிசையில் பெயரிட்டு இன்னோர் இடத்திலும் நகலெடுத்து வையுங்கள். பவர் பேங்கைச் சார்ஜில் போடுங்கள். காலணியின் உள்மெத்தையை வெளியே எடுத்துக் காற்றோட்டமாக உலர விடுங்கள், ஈரக் காலணியோடு இரண்டாம் நாள் சாரம் ஏற முடியாது.